உகரத்தை விழுங்கியவன்

நான் அடுத்தவர் பிழையில் பிழைப்பவன். சென்னையில் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கால் விட்டுப்போனால் வைப்பேன். தலைவரின் பிறந்தநாள் மலரில் ஆச்சரியக்குறி வழிந்தால் அள்ளி வெளியே கொட்டுவேன். இந்த உத்தியோகத்தில் இருப்பவனுக்கு வெளிநாட்டு யோகம் வருவதில்லை. எனக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த ஒரு கலைக் கண்காட்சியின் புத்தகம் எங்களிடம் அச்சானது. அஞ்சலில் அனுப்பினால் திறப்பு விழா முடிந்த பிறகுதான் போய்ச் சேரும் என்று பயந்து, கையோடு கொண்டுபோக ஆள் தேடினார்கள். பாஸ்போர்ட் வைத்திருந்த, அவசர வேலை எதுவும் இல்லாத ஒரே ஆள் நான்.

“ஒரு முத்திரைகூட விழாம அது காலாவதி ஆயிடும்னு நினைச்சேன். போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி. “அங்க யாரோட தமிழையும் திருத்தாம வாங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

என் பதற்றம் எங்கள் தெருவில் பிரசித்தம். லிஃப்ட் நின்றால் உயில் எழுதத் தொடங்குகிற ஜாதி நான். விமான நிலையத்தில் அதிகாரி என் அட்டைப்பெட்டிகளைத் தட்டி, “உள்ளுக்கை என்ன?” என்று கேட்டதும் என் நாக்கும் உள்ளுக்கே போய்விட்டது.

“கூடை,” என்றேன்.

“கூடையோ?”

“கூடையைப் பத்தின புத்தகம் சார்.”

பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அட்டையைப் பார்த்தார். “பறி எல்லோ உது! போங்கோ, போங்கோ,” என்று சிரித்தார். முதல் மணி அங்கேயே அடித்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. கரையோரத்து மீனவர்கள் பிடித்த மீனை அதில்தான் போட்டுக்கொள்வார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் யாரோ ஒருவர் அப்படியொரு பறியைக் கப்பலேற்றிக் கொண்டுபோக, அது இப்போது ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. ‘மீன் கூடை. இலங்கை. செய்தவர் தெரியவில்லை’ என்று கீழே சீட்டு. பருத்தித்துறைக் கரையில் பிறந்த ஓவியர் தர்மினி, அந்த அருங்காட்சியகம் இருக்கும் ஊரில் சில மாதம் தங்கி வேலை செய்யப் போனபோது அதைப் பார்த்திருக்கிறார். பறி, தூண்டில், மிதப்புக்கட்டை என்று அங்கே இருந்தவற்றையெல்லாம் வரைந்து, அவற்றைப் பற்றித் தன் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சொன்னதைச் சொன்னபடி பக்கத்தில் எழுதி, ஒரு கண்காட்சியாக்கி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்.

நல்லூரில், கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் கண்காட்சி நடக்கவிருந்த வீடு இருந்தது. ஒழுங்கை என்றால் நம் ஊர் சந்து. ட்யூஷன் விட்டுச் சைக்கிளில் வந்த பிள்ளைகள் என் ஆட்டோவுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார்கள். நம் ஊரில் ட்யூஷன் விட்ட பிள்ளைகளுக்கு ஆட்டோதான் வழிவிடும். தர்மினி ஏணியின் உச்சியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து புத்தகத்தை வாங்கி, விரிக்காமல், மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

“மை மணக்குது,” என்றார். “நாளைக்கு ஆறுதலாப் பாக்கிறன் அண்ணை. இப்ப திறந்தால் வேலை ஓடாது.”

கண்காட்சியை அமைப்பவர் ரமணன், லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆங்கிலத்தில் ஆற்றொழுக்காகப் பேசுவார், தமிழில் அணை கட்டிக் கட்டிப் பேசுவார். “அங்கிள், சூப்பர்! முதல் கொப்பி தர்மினியின்ரை அம்மாவுக்கு,” என்று ஒரு புத்தகத்தை உறையில் போட்டு, பருத்தித்துறைப் பக்கம் போகிற ஒருவர் கையில் அப்போதே கொடுத்தனுப்பினார். நானும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தன் தூக்குக் கயிற்றுக்குத் தானே எண்ணெய் தடவிக் கொடுக்கிறவனுக்கும் அப்படித்தான் பெருமையாக இருக்கும்போல.

மறுநாள் காலை ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது கதிரையில், பக்கத்தில் யன்னல், எதிர் மேசைக்காரர் பிய்த்துக்கொண்டிருந்தது பாண். மூன்றும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள். நாங்கள் நாற்காலியை நாற்காலியாகவே வைத்துக்கொண்டோம், ஒல்லாந்தரிடமிருந்து கக்கூஸை மட்டும் வாங்கிக்கொண்டோம். எதை எடுப்பது என்பதில் ஆளுக்கொரு ரசனை.

பரிமாறுகிறவர் பிட்டு வைத்து, சம்பலை வைத்துவிட்டு, “காணுமோ?” என்றார்.

“காணோமா? இங்கதானே இருக்கு,” என்று மேசைக்கடியில் குனிந்தேன்.

“இல்லை அண்ணை, போதுமோ எண்டு கேட்டனான்.” அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தட்டைக் காட்டினார். “உதுக்குச் சொதி விடவோ?”

கை பிட்டில் நின்றது.

“எதுக்கு?”

“உதுக்கு. உங்கடை பிட்டுக்கு.” பிறகு உள்ளே பார்த்து, “உவர் இந்தியாவிலை இருந்து வந்தவர், உந்த மேசைக்குத் தண்ணி குடு,” என்று குரல் கொடுத்தார்.

உது, உவர், உந்த. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன்தான் நான். ‘அது’ தெரியும், ‘இது’ தெரியும். மூன்றாவது எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. செத்துப்போனது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எழுத்து, இங்கே தேங்காய்ப்பால் சொதி வாளியோடு நடமாடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருப்பது எனக்கு இது. இருவருக்கும் தூரத்தில் இருப்பது அது. உன் பக்கத்தில் இருப்பது உது.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். தேவையே இல்லை, எனக்குத் தெரியும். தர்மினி அனுப்பிய பிரதியில் ‘உது எங்கடை பறி’ என்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் உது, உதுக்கை, உதை. கணினி விசைப்பலகையில் இகரமும் உகரமும் அடுத்தடுத்த வீடு. பாவம், தட்டச்சுச் செய்தவருக்கு விரல் வழுக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு, அத்தனை உ-வையும் இ-யாக மாற்றி, ‘சிறு தட்டச்சுப் பிழைகள் திருத்தப்பட்டன’ என்று எழுதி அனுப்பினேன். ரமணன் படங்களை மட்டும் பார்த்துச் சரி என்றார். அச்சாகிவிட்டது.

சொதி விட வந்தவர் என் முகத்தைப் பார்த்து, “உறைப்புக் கூடிப்போச்சோ?” என்றார்.

ஓடினேன். தர்மினி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் புத்தகம். ஆணிகள் தரையில் சிதறிக் கிடந்தன. கத்துவார் என்று எதிர்பார்த்து, பதில் கத்தல் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கத்தவில்லை.

“அண்ணை, உது எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுதும்மா. பிட்டு சாப்பிடும்போது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

“நான் அங்கை கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலை நிக்கிறன். அம்மா இங்கை இருந்து போனுக்குள்ளாலை பாக்கிறா. ‘உது எங்கடை பறி எல்லோ பிள்ளை’ எண்டா. இது எண்டு சொல்ல அவவின்ரை கையிலை இல்லை. அது எண்டு விடவும் மனம் வரேல்லை. உது எண்டா. அங்கத்தைய ஆக்களுக்கு அதை ஆங்கிலத்திலை சொல்லப் பாத்தன், ஏலாமப் போச்சு. அந்த ஒரு சொல்லிலைதான் அண்ணை உவ்வளவு படமும் தொங்குது.”

நான் சுவரைப் பார்த்தேன். படங்கள் விழாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. எனக்குத்தான் விழுந்துவிடும்போல இருந்தது.

“படத்தை விடுங்கோ. அம்மாவை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு,” என்றார். “முந்தி ஒருத்தர் ஆராய்ச்சி எண்டு வந்து அம்மாவைக் கதைக்கவிட்டு எழுதிக்கொண்டு போனவர். புத்தகமா வரேக்கை எல்லாம் திருத்தின தமிழ். அம்மா வாசிச்சிட்டு, ‘உந்த மனுசி நல்லாக் கதைக்கிறா, ஆர் அவ?’ எண்டு கேட்டவ. அதோடை, படிச்ச ஆக்களின்ரை இடத்துக்கு இனி வரமாட்டன் எண்டிட்டா. என்ரை கண்காட்சி ஒண்டுக்கும் வந்ததில்லை. இந்தமுறை, சொன்னது சொன்னபடி போடுவன் எண்டு சத்தியம் பண்ணினனான். அதுக்குத்தான் வாறன் எண்டவ.”

“அவங்க கைக்குப் புத்தகம் போகாம பாத்துக்கிட்டா…”

“நேற்றே போயிட்டுது.”

மறந்தேபோனேன். உறைக்குள் வைத்ததைப் பெருமையோடு பார்த்தவன் நான். திறப்பு விழாவுக்கு இடையில் ஒரே ஒரு நாள். தர்மினி ஏணியை விட்டு நகர முடியாது. “நான் போயிட்டு வரேன்,” என்று என் வாய் சொல்லிவிட்டது. பதற்றக்காரர்களின் வாய் எப்போதும் ஆளுக்கு முன்னால் போகும்.

“நீங்கள் போய் என்ன கதைக்கப் போறியள்?”

“தெரியலம்மா. போற வழியில யோசிக்கிறேன்.”

யோசிக்கத் தேவைக்கு மேலேயே வழி கிடைத்தது. பேருந்து நிலையத்தில், நகரத் தொடங்கிய ஒரு பஸ்ஸின் நடத்துநரிடம், “பருத்தித்துறை போகுமா?” என்று கத்தினேன். “போகும்…” என்று அவர் தொடங்கியதும் தாவி ஏறினேன். “…கொடிகாமத்திலை இறங்கி மாறினால்,” என்று அவர் முடித்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தேன். நேர்வழியில் போயிருந்தால் நீர்வேலி வாழைத் தோட்டங்களைப் பார்த்திருக்கலாமாம். பக்கத்திலிருந்த அம்மாள் எனக்காக வருத்தப்பட்டு, அந்த வாழைத் தோட்டத்தை ஈடுகட்டும் விதமாகத் தன் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தார். “ஏன் தம்பி உப்பிடி வேர்க்குது? உந்த யன்னலைத் திறவுங்கோ.” இப்போது ஒவ்வோர் உகரமும் என் முதுகில் தட்டிவிட்டுப் போனது.

வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போவது எப்படி என்று கொடிகாமம் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கினேன். என் குற்றத்தின் அளவுக்கு இருந்தது. அடுத்த பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் முள் குத்தியதில் யோசிக்க வேண்டியதை யோசிக்க முடியவில்லை.

தர்மினியின் வீட்டு முற்றத்துக்குக் கடல் சத்தம் கேட்டது. அவருடைய அம்மா, அறுபது தாண்டியவர், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றியில், புத்தகம் மடியில். வாசித்து முடித்தாயிற்று.

“அம்மா, நான் சென்னையிலேர்ந்து வரேன். இந்தப் புத்தகத்துக்குப் பிழை திருத்தினவன். உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.”

“என்னைப் பேசவோ? நான் என்ன பிழை விட்டனான்?”

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது என்று ரமணன் முந்தின நாளே எச்சரித்திருந்தார். பதற்றத்தில் அதுவும் பறந்துவிட்டது. “இல்லம்மா, அப்படி இல்ல…” என்று நான் பலாப்பழத்தோடு தடுமாறினேன்.

“இந்தியாப் படங்கள் பாக்கிறனாங்கள்தானே, விளங்குது. முதல் உந்தப் பழத்தைக் கீழை வையும். நீர் கதையும். பேசுறதை நான் பாக்கிறன்.”

முன்பின் தெரியாதவனுக்கு இங்கே ‘நீங்கள்’தான். எடுத்த எடுப்பில் ‘நீர்’ என்று இறங்கியதால் திட்டு நிச்சயம் என்று தெரிந்தது. உட்கார்ந்தேன்.

“‘எங்கடை’யை விட்டிருக்கிறீர். ‘உது’வை ஏன் பிடிச்சனீர்?”

“எங்கடைங்கிறது பேச்சுன்னு தெரிஞ்சுதும்மா. இது… விரல் வழுக்கிடுச்சுன்னு நினைச்சேன்.”

“ஒவ்வொரு பக்கத்திலையும் வழுக்கினதோ? பாவம், ஆரின்ரை விரல் அது?” புத்தகத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். “‘இது எங்கடை பறி’ எண்டு கிடக்கு. எங்கை? என்ரை கையைப் பாரும். இருக்கோ? அந்த வெள்ளைக்காரர் உதை வாசிச்சால் என்ன நினைப்பினம்? மனுசிக்குத்தான் கிடைச்சிட்டுதே, பிறகேன் கேக்கிறா எண்டு நினைக்கமாட்டினமோ? நான் கேக்க முந்தி நீர் வாங்கித் தந்திட்டீர், அதுவும் கடதாசியிலை.”

நகைச்சுவையாக ஏதாவது சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். அன்று அதை விட்டுவிட்டேன். “நான் செஞ்சது தப்பும்மா,” என்றேன். “உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க எழுதினது நீங்க சொன்னபடியேதான் இருந்துச்சு. திறப்பு விழா அன்னைக்கு அவங்க வாசலையே பாத்துக்கிட்டு நிப்பாங்க.”

அவர் கடல் பக்கம் பார்த்தார். “தெரியும். சின்னனிலையும் அப்பிடித்தான். தேப்பன் கடலாலை வருமட்டும் சோறு தின்னாமல் வாசலிலை நிப்பள்.” சொல்லிக்கொண்டே எழுந்தார். “இரும். கூழ் கிடக்கு. பேச்சு வாங்கின ஆக்களுக்குப் பசிக்கும்.”

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சிய கூழ். உறைப்பில் கண்ணீர் வந்தது. எந்தக் கண்ணீர் எதற்கு என்று பிரித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை, அந்த வகையில் நல்ல சாப்பாடு. நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் ‘இ’யைக் குறுக்கே வெட்டி, அதன் தலைக்கு மேலே சிறிதாக ஓர் ‘உ’ போட்டார். போட்டதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

“பிள்ளையார் சுழி போட்டுத் தந்திருக்கிறன். மிச்சத்தை நீர் எழுதும்.”

“விழாவுக்கு வருவீங்களாம்மா?”

“எல்லாத்திலையும் எழுதும். பிறகு பாப்பம்.”

‘பாப்பம்’ என்றால் வருவேனா, வரமாட்டேனா என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். தர்மினியிடம் கேட்டேன். “அது அவவுக்கே தெரியாது,” என்றார்.

மறுநாள் நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து, கையாலேயே திருத்தினோம். என் உகரம் முதலில் நத்தை மாதிரி இருந்தது, மதியத்துக்கு மேல் தூண்டில் முள் மாதிரி ஆனது. பக்கத்துக்கு இத்தனை வெட்டு இருப்பதைப் பார்த்து ரமணனுக்குக் கண் பளபளத்தது. “இது பிழையே இல்லை, அங்கிள்,” என்றார் ஆங்கிலத்தில். “அதிகாரம் ஒரு குரலை அழிக்கிறது, குரல் அழிப்பின் மேலேறித் திரும்பி வருகிறது. இதையும் படைப்பின் பகுதியென்று சுவரில் எழுதிவிடுவோம்.”

எவ்வளவு அழகான வாக்கியம்! அதிகாரம் என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை, வீட்டில்கூட. கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டேன்.

“வேண்டாம் ரமணன்,” என்றார் தர்மினி, தலையைத் தூக்காமல். “உது பிழை. பிழை எண்டே இருக்கட்டும். அண்ணைக்கும் அதுதான் மரியாதை.”

திறப்பு விழா அன்று பின்னேரம், தர்மினி வாசலை விட்டு நகரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டே ஒழுங்கை முனையைப் பார்த்தார். அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். பறி மிகவும் பழையது, பயணம் தாங்காது என்று அதை அனுப்பாமல் அவரை அனுப்பியிருந்தார்கள். விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று ரமணன் இரண்டு தரம் வந்து சொன்னார். “கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் தர்மினி.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கி, சேலையை உதறி, மகளை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன பிள்ளை உப்பிடி மெலிஞ்சு போனாய்?”

தர்மினி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அம்மா ஒரு கையால் அவர் தலையைத் தடவியபடியே, மறுகையை என் பக்கம் நீட்டினார். புத்தகம் கொடுத்தேன். மகள் தோளிலிருக்க, அங்கேயே நின்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். பரீட்சைத்தாள் திருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. “எழுத்து வடிவில்லை,” என்றார் கடைசியில். “ஆனால் எழுதியிருக்கிறீர்.” புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். தான் சொன்னதை முணுமுணுத்து வாசித்தார். ஓரிடத்தில், “ஓம், உப்பிடித்தான் சொன்னனான்,” என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னார். பறியின் படத்தருகே வந்தபோது, அந்தப் பெண்மணி அங்கே நின்றிருந்தார், நெஞ்சோடு அணைத்த கையில் புத்தகம். அட்டையில் பறி.

அம்மா விரல் நீட்டினார். “உது எங்கடை.”

பெண்மணி ரமணனைப் பார்த்தார். ரமணன் என்னைப் பார்த்தார். உது-வுக்கு ஒரு சொல் தேடி அலையாமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: “உங்களிடம் இருப்பது அவர்களுடையது என்கிறார்.”

அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. அணைத்திருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். எதைச் சொல்கிறார் என்று சரியாக விளங்காமலோ, நன்றாக விளங்கியோ, அதை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வாங்கிக்கொண்டார். “சரி, இது வந்திட்டுது,” என்றார். பிறகு அட்டையிலிருந்த படத்தில் விரலை வைத்து, அந்தப் பெண்மணியின் கண்ணை நேரே பார்த்து, மெல்லச் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“பறி?”

“பரி,” என்று அவர் திருப்பிச் சொன்னார், றகரம் நாவில் ஏறாமல்.

அம்மா அதைத் திருத்தவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.